பட்டனுக்குத் தைச்ச பாய்

ஒரு ஊர்ல ஒரு தையல்கார அக்கா இருந்தா. பேரு அமலோற்பவம். அவ்வளவு நீளமா யாரு கூப்பிடுறது, எல்லாருக்கும் அவ அமலம்தான். சின்ன வயசுல காய்ச்சல் வந்து அவளுக்குக் காது கேக்காமப் போச்சு. எதிர்ல நின்னு நிதானமாப் பேசினா, உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவா. ம் சொல்லு கண்ணு.

ம்.

அவகிட்ட ஒரு நாய் இருந்துச்சு. கண்ணு ரெண்டும் கோட்டுப் பட்டன் மாதிரி கறுப்பா இருக்கும், அதனால பேரே பட்டன். வாசல்ல யாராவது கூப்பிட்டா பட்டன் ஓடி வந்து அவ முந்தானையை லேசாப் பிடிச்சு இழுக்கும். குக்கர் விசில் அடிச்சாலும் இழுக்கும். அமலத்துக்குக் காது ரெண்டும் அந்த நாய்தான்.

அப்புறம் ஒரு நாள், பூனையைத் துரத்திக்கிட்டு மாடிப்படிச் சுவர்லேர்ந்து குதிச்சுது. தொப்! முன்னங்கால் முறிஞ்சு போச்சு. அமலம் அதைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஆட்டோவுல ஓடினா. டாக்டர் கட்டுப் போட்டுட்டு, அவ முகத்தைப் பார்த்து மெதுவாச் சொன்னாரு.

“ஒரு மாசம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, வெளிய விடக் கூடாது. மறுபடி எலும்பு விலகுச்சுன்னா காலை எடுக்க வேண்டி வரும்மா.”

எடுத்துட்டாங்களா?

கேளு, சொல்றேன். வீட்டுக்குள்ளயே வெச்சிருந்தா. சோறு வெச்சா லபக் லபக்னு ரெண்டே நிமிஷம், தட்டு காலி. அப்புறம் நாள் பூரா அது என்ன பண்ணும்? கதவைப் பிறாண்டும், பர்ர் பர்ர். மேசைக்காலைக் கடிக்கும். கால்ல டாக்டர் போட்ட கட்டையே பல்லால பிய்க்கும். நாலாவது நாள் மாடி வீட்டு வேதவல்லியம்மா இறங்கி வந்தாங்க.

“அமலம், உனக்குக் கேக்காது. பகலெல்லாம் அழுவுது. எங்களால தாங்க முடியல. உன் தம்பி வீட்டுல கொண்டு போய் விட்டுடேன்.”

“அழுவுதா?”னு கேட்டா அமலம். பட்டன் பக்கத்துல உக்காந்து அதோட கழுத்துல கையை வெச்சுப் பார்த்தா. உள்ள அதிருது, ஊஊஊனு. தனக்கு எல்லாத்தையும் கேட்டுச் சொன்ன பிள்ளை அழுதது தனக்குக் கேக்கலையேன்னு அதை அள்ளி மடியில வெச்சுக்கிட்டா. “ஒரு வாரம் பொறுங்கக்கா”ன்னா.

அன்னிக்கு மதியம் என்ன ஆச்சு தெரியுமா? பட்டனுக்காக வேக வெச்ச ஈரலை எடுத்துட்டு வந்தவளுக்குக் கை தவறிடுச்சு. துண்டெல்லாம் வெட்டுத்துணிக் கூடைக்குள்ள பொலபொலன்னு விழுந்துச்சு. பட்டன் மூக்கை உள்ள விட்டுது. ஸ்னுப், ஸ்னுப், ஸ்னுப். ஒவ்வொரு துணியா விலக்கித் தேடுச்சு. அரை மணி நேரம் தேடித் தின்னுட்டு, கொட்டாவி விட்டுச்சு, தூங்கிப் போச்சு. அமலம் அதையே பார்த்துக்கிட்டு இருந்தா. இதுக்குப் பசி வயித்துல மட்டும் இல்ல போலன்னு அப்போதான் அவளுக்குப் பட்டுச்சு.

மறுநாள்லேர்ந்து சாப்பாட்டைக் கூடையிலயே ஒளிச்சா. ரெண்டு நாள் நல்லாப் போச்சு. மூணாவது நாள் பட்டன் கூடையைத் தட்டிக் கவுத்துடுச்சு. டமார்! ஒரே நிமிஷத்துல வேலை முடிஞ்சுது.

அப்புறம் பழைய துண்டுல அவிச்ச முட்டையை வெச்சுச் சுருட்டி, முடிச்சுப் போட்டுக் குடுத்தா. முடிச்சை அவுக்காம பட்டன் துண்டையே கிழிச்சு விழுங்கப் பாத்துச்சு. அமலம் வாய்க்குள்ள விரலை விட்டு அந்தத் துணிக்கிழிசலை வெளிய இழுத்தா. மிச்சத் துணியை எல்லாம் அதுக்கு எட்டாத உயரத்துல தூக்கி வெச்சா.

ம்... அப்புறம்?

அப்புறம் ஒரு பழைய ஜமுக்காளத்தை எடுத்தா. அது மேல ஜீன்ஸ் துணியில மடிப்பு மடிப்பா, பை பையா, பூவிதழ் மாதிரி நெருக்கி நெருக்கித் தைச்சா. பிய்க்க முடியாதபடி ஒவ்வொண்ணுக்கும் மூணு தையல். கடகடகடன்னு ரெண்டு நாள் மிஷின் ஓடுச்சு. ரவிக்கை வாங்க வந்தவங்களை எல்லாம் “நாளைக்கு வாங்க”ன்னு அனுப்பிட்டா.

பாயைத் தரையில விரிச்சு, ஒரு மடிப்புல ஈரல், ஒண்ணுல கேரட், ஒண்ணுல சும்மா வெறும் வாசனை மட்டும் தடவி வெச்சா. பக்கத்துலயே உக்காந்துக்கிட்டா. பட்டன் படுத்தபடியே ஆரம்பிச்சுது. மூக்கால மடிப்பைத் தூக்கும், நாக்கை விடும், யோசிக்கும், அடுத்ததுக்குப் போகும். கால் அசையல. வால் மட்டும் பட், பட், பட்.

ரெண்டு நாள் கழிச்சு வேதவல்லியம்மா இறங்கி வந்தாங்க. “சத்தத்தையே காணோமே, பயந்து போய் வந்தேன்”னாங்க. குனிஞ்சு அந்தப் பாயைப் பார்த்தாங்க. மறுநாள் வேக வெச்ச சர்க்கரைவள்ளிக் கிழங்கோட வந்து, “இன்னிக்கு நான் ஒளிச்சு வெக்கிறேன், தள்ளு”ன்னு தரையில உக்காந்துட்டாங்க. அமலம் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டா.

ஒரு மாசம் போச்சு. டாக்டர் கட்டைப் பிரிச்சு, தடவிப் பார்த்தாரு. “அழகாச் சேந்திருக்கு. இவ்வளவு துறுதுறுப்பான நாயை எப்படிம்மா அடக்கி வெச்சீங்க?”

“அடக்கல டாக்டர். வேலை குடுத்தேன்.”

அன்னிக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் தெருவுல நடந்தாங்க. பத்து நிமிஷத் தெரு. பட்டன் ஒவ்வொரு கம்பத்துகிட்டயும் நிக்குது, ஒவ்வொரு புல்லா மோந்து பாக்குது. முன்னெல்லாம் அமலம் வாரைப் பிடிச்சு இழுப்பா. இப்போ இழுக்கல. அது நிக்கிற இடத்துலெல்லாம் அவளும் நின்னா.

“மெதுவாப் பாருடா. எத்தனை வருஷமா எனக்காகக் கேட்டுக்கிட்டே இருக்க. உனக்காக நான் நிக்கிறேன்”னா.

தெரு முனைக்குப் போக ஒரு மணி நேரம் ஆச்சு.

கண்ணு?

...

பட்டன் வீடு வந்து சேந்துடுச்சு. கதையும் படுத்தாச்சு. நீயும் தூங்கு.