ஒபின்னாவோடு வீடு பார்க்கப் போனவர்

"மாத்திரையைக் கூட்டியும் பிரஷர் இறங்கலை மேடம்," என்றார் டாக்டர் குமரகுருபரன். "நைஜீரியாக்காரர் இல்லையா, அந்த இனத்துக்கே ரத்தத்தில் அப்படி. இன்னொன்றும் சேர்த்துவிடட்டுமா?"

டாக்டர் ரஹ்மத்துன்னிசா பேனாவை மூடி வைத்தார்.

அவரிடம் கற்றுக்கொள்வதற்காகவே குமரகுருபரன் தன் கிளினிக்கை மூடிவிட்டுக் கோவைக்கு வந்திருந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவன் ஒபின்னா, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தான்.

"இங்கிருந்து எங்கே போறீங்க, ஒபின்னா?"

"வீடு பார்க்க, டாக்டர்." தமிழ் நன்றாகவே வந்தது.

"டாக்டர் குமரகுருபரனும் கூட வரட்டும்," என்றார் ரஹ்மத்துன்னிசா.

முதல் வீட்டுக்காரர் போனில் வரச் சொன்னவர்தான். கதவைப் பாதி திறந்தார். ஒபின்னாவைப் பார்த்தார்.

"வேற ஆள் குடி வந்தாச்சு."

கேட்டில் 'வீடு வாடகைக்கு' பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டு அம்மாள் குமரகுருபரனிடம் மட்டும் பேசினார்.

"உங்களுக்குன்னா குடுக்கறனுங்க."

டீக்கடையில் ஒருவன் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தான். நான்கைந்து பேர் சிரித்தார்கள். ஒபின்னா நடையை வேகமாக்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

தெருமுனையில் ஒரு போலீஸ்காரர் பைக்கைக் குறுக்கே நிறுத்தினார்.

"பாஸ்போர்ட்டை எடு." பிறகு குமரகுருபரனைப் பார்த்தார். "இவனுக்கும் உங்களுக்கும் என்ன சார்?"

"இவர் என்ன பண்ணினார்னு நிறுத்துறீங்க?" குமரகுருபரனின் குரல் உயர்ந்தது.

ஒபின்னா அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"சத்தம் வேண்டாம் சார். நாளைக்கும் நான்தான் இந்தத் தெருவில் நடக்கணும்."

போலீஸ்காரர் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். ஒபின்னா நன்றி சொன்னான்.

குமரகுருபரன் தனியாகத் திரும்பி வந்தார். ரஹ்மத்துன்னிசா தண்ணீர் கொடுத்தார். சற்று நேரம் உட்காரவிட்டு, அவர் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். எண்ணைப் பார்த்தார்; நூற்று அறுபதைத் தாண்டியிருந்தது. அவரும் பார்க்கும்படி கருவியைத் திருப்பி வைத்தார்.

"இதுக்கு முன்னாடி உங்களுக்கு பிரஷர் உண்டா?"

"இல்லை."

"அப்பா, அம்மாவுக்கு?"

"இல்லை."

"என்ன மாத்திரை எழுதலாம்?"

குமரகுருபரன் கைப்பட்டையை அவிழ்த்தார்.

"என்னை யாரும் ஒண்ணும் சொல்லலை மேடம்," என்றார். "நான் சும்மா அவர் கூடத்தானே நடந்தேன்."