உச்சந்தலைப் படங்கள்

மூங்கில் காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த யாரோ, எடுத்தவுடனே படத்தை வெளியே தள்ளும் கேமரா ஒன்றை மறந்துவிட்டுப் போனார்கள். அது பவளம் என்ற மந்தியின் கையில் சிக்கியது. குரங்கு கையில் பூமாலை என்பார்கள். பவளம் அப்படியில்லை. அதை உயிராகப் பார்த்துக்கொண்டாள். குளத்துப் பாதையில் யார் போனாலும், அவர்களுக்குத் தெரியாமல் ஒரு 'கிளிக்'!

நிம்மதியாக முதுகு சொறியக்கூட முடியவில்லை என்று மிருகங்கள் புகார் சொல்லின. காட்டின் தலைவி பேச்சி என்ற யானை. அவள் சிரித்து யாரும் பார்த்ததே இல்லை.

"பௌர்ணமிக்குள்ள நல்லதா ஒரு படம் காட்டு. இல்லைன்னா இந்தப் பெட்டி குளத்துக்குத்தான்" என்றாள்.

எது நல்ல படம் என்று கேட்க, பவளம் படங்களை எடுத்துக்கொண்டு நரியிடம் போனாள். நரியின் கண் அவள் மடியில் இருந்த பலாப்பழத்தின் மேலேயே இருந்தது.

"அடடா, அருமை!"

"எது அருமை அண்ணே?"

"எல்லாமே அருமைதான். பழம் பழுத்துடுச்சா?"

பழத்தைக் கொடுத்துவிட்டு, பூரித்துப்போய்க் குளக்கரைக்கு வந்தாள். அங்கே எல்லோர் முன்னாலும் கீரி படங்களை எட்டிப் பார்த்தது.

"என்ன இது, எல்லாம் மண்டையா இருக்கு? இதெல்லாம் ஒரு படமா?"

கூட்டமே சிரித்தது. எருமையும் கழுத்தை நீட்டிப் பார்த்து, "யாரு இந்த வழுக்கை?" என்று கேட்டது. அது எருமையேதான். படம் எடுக்கும்போது பவளம் மரத்தை விட்டு இறங்குவதே இல்லை. கிளையிலிருந்து எடுத்தால் உச்சந்தலை தெரியாமல் வேறென்ன தெரியும்? ஆனால் அவளுக்குக் கோபம்தான் வந்தது. கீரிக்குப் பொறாமை என்று முடிவு கட்டிவிட்டாள்.

மறுநாள் எல்லோரையும் கிளையை அண்ணாந்து பார்த்தபடி வரிசையாக நிற்க வைத்தாள். மயில் தோகையை விரித்தது. எருமை வயிற்றை எக்கிக்கொண்டது. பன்றி வாயை இறுக மூடிக்கொண்டது. படத்தைப் பேச்சியிடம் காட்டினாள்.

"யாரு இவங்கல்லாம்? நம்ம காட்டுல இப்படி யாரும் இல்லையே" என்றாள் பேச்சி. "நாளைக்குப் பௌர்ணமி, ஞாபகம் இருக்கட்டும்."

பவளம் நேராகக் கீரியின் வளைக்குப் போனாள்.

"மண்டைன்னு சிரிச்சியே, என்ன செய்யணும்னு சொன்னியா?"

கீரிக்கு வெட்கமாகிவிட்டது. "நாலு பேர் முன்னால கேலி பண்ணது என் தப்புதான் அக்கா. உனக்கு நல்ல கண்ணு. எருமை சேத்துல வழுக்கின நேரத்தை எவ்வளவு கச்சிதமாப் பிடிச்சிருக்கே! ஆனா முகம் தெரியலையே. கீழே இறங்கி எடு."

"கீழேயா? புலி வந்தா?"

"நான் பக்கத்துல இருக்கேன்."

"புலி வந்தா நீ என்ன செய்வே?"

"உன் பின்னாலேயே மரம் ஏறுவேன்."

பவளத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமும் போய்விட்டது.

விடிந்ததும் இருவரும் சேற்றோரம் உட்கார்ந்தார்கள். முதலில் எல்லோரும் விறைத்துக்கொண்டு நடந்தார்கள். வெயில் ஏற ஏற அவளை மறந்தே போனார்கள். பேச்சி குட்டியோடு வந்தாள். குட்டி சேற்றில் வழுக்கி, அம்மாவின் காலடியில் பொத்தென்று உட்கார்ந்தது. பேச்சி கண்ணை மூடிக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

'கிளிக்'!

பவளம் படத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். முதலில் பேச்சியிடம் மட்டும் தனியாகக் காட்டினாள்.

"பெரியம்மா, உங்களுக்குப் பிடிக்கலைன்னா யாருக்கும் காட்ட மாட்டேன்."

பேச்சி வெகுநேரம் பார்த்தாள். "நான் இப்படியா சிரிக்கிறேன்? யாரும் சொல்லவே இல்லையே."

சாயங்காலம் அவளே எல்லோரையும் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினாள். காடே கூடி நின்று ரசித்தது. பிறகு பவளத்தின் பக்கம் திரும்பினாள்.

"தும்பிக்கை நுனி படத்துல விழலை, பார்த்தியா? அடுத்த தடவை சரியா எடு."

அடுத்த தடவை! குறையைக் கேட்டுவிட்டு பவளம் அன்று போட்ட ஆட்டத்தைப் போல, பாராட்டைக் கேட்டுக்கூட யாரும் ஆடியதில்லை.

குறை சொல்பவர் வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், கேட்பவர் கோபத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்க வேண்டும்.