முதுகைக் காட்டிய முள்ளம்பன்றிகள்

மூங்கில் காட்டில், ஒரு பாறைக்கு அடியில், கூரன் என்ற முள்ளம்பன்றி குடியிருந்தது. அதன் மனைவி மருதி. ஒரே மகள் சிலுப்பி. சிலுப்பிக்கு அப்போதுதான் முள் முற்றியிருந்தது. வாயும் முற்றியிருந்தது.

முள்ளம்பன்றிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோபம் வந்தால் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு எதிரிக்கு முதுகைக் காட்டி நிற்கும். சிறுத்தை வந்தால் அது சரி. வீட்டுக்குள் எதற்கு அந்த வித்தை? நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது!

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் மூன்றும் கிழங்குத் தோட்டத்துக்குக் கிளம்பின.

"நான் ஓடை வழியாத்தான் வருவேன்!" என்றது சிலுப்பி.

"ஓடைப்பக்கம் போனே, காலை ஒடிச்சுடுவேன்! எங்க அப்பா காலத்திலேருந்து நமக்கு மூங்கில் வழிதான்!" என்றது கூரன்.

"அந்த வழி ஆகாதுப்பா!"

"எனக்கே வழி சொல்றியா?"

"உங்ககிட்ட சொல்றதும் ஒண்ணுதான், இந்தப் பாறைகிட்ட சொல்றதும் ஒண்ணுதான்!"

இரண்டும் முள்ளைச் சிலிர்த்தன. முதுகைத் திருப்பிக்கொண்டன.

ஓடைக்கரையில் சிறுத்தையின் கால்தடத்தைக் கூரன் பார்த்திருந்தது. மூங்கில் வழியில் யாரோ கம்பிக் கண்ணி வைத்திருப்பதைச் சிலுப்பி பார்த்திருந்தது. அதைச் சொல்லித் தொலைத்தால் என்ன? 'சொன்னதைக் கேட்டால் போதும், காரணம் எதற்கு' என்று அப்பனுக்கு வீம்பு. 'கேட்டால்தானே சொல்வது' என்று மகளுக்கு வீம்பு.

"உங்க வீம்பைத் தின்னா வயிறு நிறையுமா? நான் போறேன்!" என்று மருதி கத்தியது. எப்போதும் போகும் மூங்கில் வழியிலேயே நடந்தது. முதுகைக் காட்டி நின்ற இரண்டும் அதைப் பார்க்கவே இல்லை.

சற்று நேரத்தில் மருதியின் அலறல் கேட்டது. இரண்டும் ஓடின. கண்ணிக் கம்பி மருதியின் இடுப்பை இறுக்கியிருந்தது. தூரத்தில் வேட்டை நாய்கள் குரைத்தன.

"இங்க கண்ணி இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்!" என்று சிலுப்பி அழுதது.

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தே, பாவி!"

"நீங்க கேட்டீங்களா?"

மறுபடியும் முதுகுகள் திரும்பின. நடுவில் கிடந்த மருதியின் விலாவில் நாலைந்து முட்கள் ஏறின.

"ஐயோ! நாய் வந்து கொல்றதுக்கு முன்னாடி நீங்களே கொன்னுடுவீங்க போலிருக்கே! திரும்புங்க ரெண்டு பேரும்! முளையைக் கடிங்க!"

கம்பியைக் கட்டியிருந்த மரமுளை தடிமனானது. ஒரு வாய்க்கு அடங்காது. ஆளுக்கொரு பக்கம் நின்று கடித்தாக வேண்டும். முதுகால் கடிக்க முடியுமா? முள்ளைத் தாழ்த்தி, மூக்கும் மூக்கும் இடிக்க, இரண்டும் கடித்தன.

"ஓடையில சிறுத்தை நடமாடுது. அதான் வேண்டாம்னேன்" என்றது கூரன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏம்ப்பா போகப்போறேன்?"

"ஏன் ஆகாதுன்னு உன்னை நான் கேட்டிருக்கணும்."

"நானாவது சொல்லியிருக்கணும். ஆனா எனக்கு இன்னும் கோபம்தான்!"

"எனக்கும்தான். கடி!"

முளை முறிந்தது. கம்பி தளர்ந்ததும் மருதி அதிலிருந்து நழுவி வெளியே வந்தது. நாய்கள் வருவதற்குள் மூன்றும் பாறை இடுக்கில் புகுந்து தப்பின.

மறுநாளும் அப்பனுக்கும் மகளுக்கும் சண்டை வந்தது. முள் சிலிர்த்ததும் மருதி தன் இடுப்புக் காயத்தைக் காட்டியது. இரண்டும் நேருக்கு நேர் திரும்பி நின்று, "ஏன்?" என்று கேட்டன.

பெற்றவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் முகம் பார்த்துக் காரணம் சொல்லிச் சண்டை போட்டால் வழி பிறக்கும். முதுகைக் காட்டிச் சண்டை போட்டால் நடுவில் நிற்பவரைத்தான் முள் குத்தும்.