டோரத்தி சொல்லாமல் விட்டது

இதை எனக்கு முதலில் சொன்னது என் சம்பந்தி லலிதாம்பிகை. போன ஆடி மாசம், கண் ஆஸ்பத்திரியில் மருந்து விட்டுக்கொண்டு இருவரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது.

தையூர்ப் பக்கம் ஒரு சின்ன மடம். அதை நடத்துகிற சிவகாமி அம்மாவிடம் ஒரு சனிக்கிழமை காலை இளம்பரிதி வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். நாற்பத்தொரு வயது. விசாவை நீட்டித்துத் தராததால் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தவன்.

"அம்மா, அந்தப் பொம்பளை முழுசா சொல்லித்தர மாட்டேங்குது."

"எந்தப் பொம்பளை?"

"டோரத்தின்னு பேரு. அமெரிக்காவுல இருக்கு. அது பார்த்த வேலை இப்போ எங்க ஆபீசுக்கு வருது. ஆறு வாரம் வீடியோவுல எனக்குச் சொல்லிக்கொடுத்துட்டு அது வீட்டுக்குப் போகணும். வர்ற வெள்ளிக்கிழமையோட முடியுது."

"எத்தனை வருஷமா பார்த்த வேலை?"

"இருபத்திரண்டு."

அம்மா அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"மாசக் கடைசியில அந்த சிஸ்டம் நின்னுபோகுதும்மா. அந்தப் பொம்பளை கை வச்சா மட்டும் ஓடுது. என்ன பண்ணுதுன்னு சொல்ல மாட்டேங்குது. அது போனப்புறம் நின்னா, எங்க ஆபீசுல முதல்ல போறது நான்தான்."

"கேட்டுப் பாரேன்."

"தெரியாததை எப்படிம்மா கேக்குறது?"

அம்மா சிரித்தார். பிறகு சொன்னார்:

"நாளையிலிருந்து பொங்கல் அண்டாவை ஏகாம்பரம் பார்த்துக்குவார். அவருக்குச் சொல்லிக்கொடுத்துட்டுப் போய்த் தூங்கு. கண்ணெல்லாம் சிவந்திருக்கு."

இளம்பரிதிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஞாயிறுதோறும் இருநூறு பேருக்கு அவன்தான் சர்க்கரைப் பொங்கல் கிண்டுவான். ஒன்பது வருஷம். அமெரிக்காவில் இருந்த காலம்தான் விடுபட்டது.

"நான் என்ன தப்பு பண்ணேன்மா?"

"ஒண்ணும் பண்ணல."

ஏகாம்பரம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். அடுப்பங்கரையில் கைகட்டி நின்றார். "தம்பி, எனக்கு ஸ்டியரிங்தான் தெரியும். நிதானமா சொல்லுங்க."

இளம்பரிதி சொன்னான். அரிசி அளவு, தண்ணீர், வெல்லம் எப்போது, நெய் எவ்வளவு. ஒரு தாளில் எழுதியும் கொடுத்தான்.

மறுநாள் பொங்கல் அடிபிடித்துவிட்டது. வாசல் வரைக்கும் கருகல் வாடை.

"லாரிக்காரரே, டயரைக் கொளுத்தினீங்களா?" என்று பந்தியில் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

இளம்பரிதியும் இலையில் உட்கார்ந்திருந்தான். அவன் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது.

அம்மா வந்து அவன் இலைக்கு முன்னால் குனிந்தார்.

"அந்த அடுப்புல பின்பக்கம் தீ தூக்கலா எரியுமே. கரண்டியை அங்கேயே விட்டுக் கிண்டணும்னு சொன்னியா?"

"இல்லம்மா."

"ஏன்?"

"சொல்லத் தோணல."

அம்மா அப்படியே நின்றார்.

"இல்லம்மா," என்றான். "தோணுச்சு."

எழுந்து நின்று, "இனி நான் என்னம்மா செய்யணும்?" என்றான்.

"முதல்ல ஏகாம்பரத்துக்கிட்டப் போ. அவர் காலையிலிருந்து சாப்பிடல."

போனான். கரண்டியைப் பிடித்துக் காட்டினான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கருகலையே சாப்பிட்டான்.

திங்கள்கிழமை வீடியோவில் டோரத்தி வந்ததும் அவன் வேலையைப் பற்றி எதுவும் கேட்கவில்லையாம். "உங்க இடத்துல இருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றானாம்.

டோரத்தி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாராம்.

பிறகு, "எழுதிக்கோ" என்றாராம்.

வெள்ளிக்கிழமை அவர் வேலை முடிந்தது. இப்போது எங்கே இருக்கிறார், வேறு வேலை கிடைத்ததா, யாருக்கும் தெரியவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு விளக்கேற்றும்போது, உங்கள் பிள்ளைகள் பெயரோடு டோரத்தி என்ற பெயரையும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.