கொப்பரைக்குள் பேசிய விலை

"நியாய விலைன்னா என்னம்மா?" என்று கேட்டான் புலமாடன்.

பேருக்குத்தான் அது கேள்வி. உண்மையில் புகார். ஆசாரி ஒரு கல்லுளிமங்கன், மடத்துக் காசு என்றுகூடப் பார்க்காமல் பிடித்த பிடியிலேயே நிற்கிறான் என்பதையெல்லாம் அதற்குள் திணித்து வைத்துக் கேட்டான்.

உலகம்மை நொச்சித் தழையை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அதை எங்கிட்டயா கேக்கிறீங்க, அண்ணாச்சி? நீங்க அதுல பழம் தின்னு கொட்டை போட்டவராச்சே."

மலையடிவாரத்து மடத்தில் எல்லோருக்கும் அவள் அம்மை, குரு. ஆனால் வயதில் புலமாடனுக்கு ரொம்பவே இளையவள். அதனால் அவனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அவன் காலில் விழ வந்தால் ஒரு எட்டு பின்னால் போய்விடுவாள்.

புலமாடன் மாட்டுத் தரகனாக இருந்தவன். போதும் இந்தப் பொய்ப் பிழைப்பு என்று ஒருநாள் எல்லாவற்றையும் உதறிவிட்டு மடத்துக்கு வந்தான். மாட்டை விட்டான், சந்தையை விட்டான், சாராயத்தைக்கூட விட்டான். தோளில் கிடந்த துண்டை மட்டும் விடவில்லை.

தரகர்களுக்குத் துண்டுதான் வாய். விற்பவன் கையும் வாங்குபவன் கையும் துண்டுக்கடியில் போகும். ஒரு விரலைப் பிடித்தால் நூறு. பாதி விரல் ஐம்பது. மொத்தக் கையையும் பிடித்தால் ஐந்நூறு. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. விலையை வாய்விட்டுச் சொன்னவனுக்கு, தரகனோ விற்பவனோ, அப்புறம் எந்தச் சந்தையிலும் ஒருவனும் கை நீட்டமாட்டான். அப்படி ஒரு மானக்கேடு அது.

கொப்பரை விஷயத்துக்கு வருகிறேன்.

மடத்துக்குக் கை கால் பிடித்துக்கொண்டவர்கள் வருவார்கள். தழை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் அவர்களைக் கழுத்தளவு உட்கார வைப்பதுதான் அங்கே வைத்தியம். அதற்கென்று இருந்த பழைய கொப்பரை அடி விட்டுப்போயிற்று. புதிதாக ஒன்று வாங்கவேண்டும்.

கோமதிநாயகம் ஆசாரியிடம் ஒன்று தயாராக இருந்தது. நல்ல செம்பு. இரண்டு ஆள் தாராளமாக உட்காரலாம். வாங்கி வரும் பொறுப்பைப் புலமாடன் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். கேட்க அவனுக்குக் காரணம் இருந்தது. அந்த வெந்நீருக்காக மடத்துக் கூடத்தில் காத்துக் கிடந்தவர்களில் ஒருவன் அவனுடைய தம்பி வெள்ளைக்கண்ணு.

வெள்ளைக்கண்ணுக்கு இரண்டு முழங்காலும் மடங்கியபடியே பிடித்துக்கொண்டன. நீட்டமுடியாது. நீட்டினால் உயிர் போகும். மழை இறங்குவதற்குள் வெந்நீரில் உட்கார வைத்துவிட்டால் இளகிவிடும், ஈரக்காற்று வந்துவிட்டால் மடங்கின கால் மடங்கினதுதான் என்று அம்மை முதல் நாளே சொல்லியிருந்தாள்.

புலமாடன் போனான். துண்டை விரித்தான். ஆசாரி முழுக் கையைப் பிடித்து, பிறகு நாலு விரலைப் பிடித்தார். தொள்ளாயிரம். புலமாடன் முழுக் கையைப் பிடித்து, அதோடு விட்டான். ஐந்நூறு.

மறுபடி போனான். அதே தொள்ளாயிரம். அதே ஐந்நூறு.

ஒவ்வொரு சந்தை நாளும் ஆசாரியிடம் போனான். செம்பு மெலிசு என்றான். அடியில் ஒட்டுப் போட்டிருக்கிறது என்றான். இவ்வளவு பெரிய கொப்பரையை எந்தக் கிறுக்கன் வாங்குவான், உம்ம மகளுக்குச் சீராகக் கொடுக்கவேண்டியதுதான் என்றான். ஆசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு, மடத்துக்குக் கோயில் குளத்தில் படி இறங்கிக் குளிக்கத் தெரியாதா என்று கேட்டார். இரண்டு பேருக்கும் முகம் சிவந்தது. துண்டுக்கடியில் மட்டும் ஒரு விரல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

இதற்குள் மலை உச்சியில் கறுப்பு கட்டத் தொடங்கியது. வெள்ளைக்கண்ணு எதுவும் கேட்கமாட்டான். அண்ணன் உள்ளே வரும்போது வாசல் பக்கம் பார்ப்பான். வெறுங்கையோடு வருகிறான் என்று தெரிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

"இன்னும் ஒரே சந்தை. மடத்துக் காசைத் தண்ணியா விடமுடியுமா?" என்பான் புலமாடன் அவன் முதுகைப் பார்த்து.

அன்றைக்கும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் அம்மையிடம் வந்து நியாய விலையைப் பற்றிக் கேட்டான்.

அம்மை தழையை முறத்தில் தள்ளினாள். "ஆசாரியைக் கொப்பரையோட வரச் சொல்லுங்க. வண்டிக் கூலி மடத்துக் கணக்கு. சூடு ஏறுதா இல்லையான்னு பாத்துட்டுல்லா வாங்கணும்."

அது நியாயமான பேச்சாகத்தான் பட்டது புலமாடனுக்கு.

ஆசாரி வந்தார். மூன்று கல்லைக் கூட்டிக் கொப்பரையை ஏற்றினார்கள். உள்ளே கால் சுடாமலிருக்க மணைப்பலகை போட்டார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, தழையைப் போட்டு, அம்மை தன் கையாலேயே தீ மூட்டினாள். மடத்து ஆட்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

தண்ணீர் வெதுவெதுப்பானதும் அம்மை கைகாட்டினாள்.

"இறங்குங்க."

யாரை என்று புலமாடன் திரும்பிப் பார்த்தான்.

"உங்களைத்தான், அண்ணாச்சி. ஆசாரியாரும் வேட்டியை அவுத்து வச்சுட்டு இறங்கட்டும். உள்ள உக்காந்து விலை பேசுங்க. முடிஞ்சதும் ஏறலாம்."

புலமாடனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாய் ஸ்தானத்தில் வைத்துக் கும்பிடுகிறவள், ஊர் பார்க்கக் கோவணத்தோடு கொப்பரைக்குள் இறங்கு என்கிறாள். ஆசாரி முகத்தில் ஈயாடவில்லை. அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறேன் என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

அம்மை கோபப்படவில்லை. போகலாம் என்றாள். ஆனால் இறங்காதவரும், விலை முடியாமல் பாதியில் ஏறுகிறவரும், அடுத்தவர் சொன்ன விலைக்கு ஒத்துக்கொண்டதாகத்தான் கணக்கு என்றாள். சுற்றி நின்றவர்கள் அது சரிதான் என்று தலையாட்டிவிட்டார்கள்.

அவ்வளவுதான். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. வாடைக்காற்றுக்கு அந்தச் சூடு இதமாக ஏறியது. புலமாடன் துண்டைத் தண்ணீர்மேல் விரித்தான். துண்டுக்கடியில், தண்ணீருக்குள், இரண்டு கையும் சேர்ந்தன. தொள்ளாயிரம். ஐந்நூறு. ஆசாரி கண்ணை மூடிக்கொண்டு, தாம் செய்த கொப்பரையில் தாமே இதுவரை குளித்ததில்லை என்று சொல்லிச் சிரித்துக்கூடக் கொண்டார்.

அம்மை ஒரு விறகை உள்ளே தள்ளினாள்.

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. புலமாடனுக்கு நெற்றியில் வியர்வை அரும்பியது. ஆசாரியின் காது மடல் பழுத்துவிட்டது. துண்டு ஆவியை வெளியே விடாமல் உள்ளேயே அமுக்கி வைத்தது. அதை எடுத்தால் பாதிச் சூடு போய்விடும். ஆனால் துண்டில்லாமல் எப்படி விலை பேசுவது என்று இரண்டு பேரும் அதை இழுத்து இழுத்து மூடிக்கொண்டார்கள். இப்படியும் இருப்பார்களா மனுஷர்கள் என்று எனக்கே ஆச்சரியம்தான்.

ஆசாரி ஒரு விரல் இறங்கினார். புலமாடன் அசையவில்லை. இன்னொரு விரல் இறங்கினார். புலமாடன் முழுக் கையோடு பாதி விரலைச் சேர்த்தான். அதற்கே அவனுக்கு நெஞ்சைப் பிடுங்கிக் கொடுப்பது போலிருந்தது.

அம்மை தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தாள். ஆளை அவித்துவிடும் எண்ணம் அவளுக்கு இல்லை. இருந்தாலும் இன்னொரு விறகைத் தள்ளினாள்.

"அம்மா" என்றான் புலமாடன்.

"பேசுங்க, அண்ணாச்சி. அவசரமே இல்ல. எத்தனை சந்தை பேசியிருக்கீங்க, இன்னைக்கு மட்டும் என்ன அவசரம்?"

அப்போதுதான் அந்த விபரீதம் நடந்தது. சூட்டில் ஊறிய விரல்கள் மரத்துப்போயின. ஆசாரி பிடித்தது ஒரு விரலா இரண்டு விரலா என்று புலமாடனுக்குத் தெரியவில்லை. தான் பிடித்தது முழு விரலா பாதி விரலா என்பதும் தெரியவில்லை. ஆயிரம் மாட்டுக்கு விலை பேசிய கை அது. ஒரு கட்டை மாதிரி தண்ணீருக்குள் கிடந்தது. அவன் வெலவெலத்துப்போனான்.

ஆசாரியின் கண்ணிலும் அதே திகில்.

தண்ணீர் சுட்டது. ஏறவும் முடியாது, ஏறினால் அடுத்தவன் விலை. கையால் பேசவும் முடியாது. மிச்சம் இருந்தது வாய் ஒன்றுதான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாய்விட்டு விலை சொல்வதா? அதுவும் ஊர் கூடி நிற்க? செத்துப்போகலாம் என்று நினைத்தான் புலமாடன். சாவு கிட்டத்திலேயேதான் இருந்தது.

"அறுநூத்தி அம்பது" என்று கத்தினார் ஆசாரி.

"அறுநூத்தி அம்பது" என்று கத்தினான் புலமாடன்.

இரண்டு குரலும் ஒன்றாகத்தான் கிளம்பின. யார் முந்தி என்று இன்றுவரை அந்த மடத்தில் யாராலும் சொல்லமுடியவில்லை.

விறகு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. புலமாடன் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டான். அது அவன் குரல்தானா என்று அவனுக்கே நம்பிக்கை இல்லை. ஆசாரி பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார். விலை முடிந்துவிட்டது, ஏறலாம் என்பதுகூட அவருக்கு நினைவில்லை.

அம்மை ஒரு குடம் தண்ணீரைத் தீயில் கொட்டினாள். இன்னொரு குடத்தைக் கொப்பரையில் கொட்டினாள்.

பிறகு இரண்டு பேரும் வெளியே ஏறி வந்தார்கள். உடம்பெல்லாம் அவித்த கிழங்கு நிறம். ஆசாரி தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். புலமாடனை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தத் தொகை உமக்கு எப்படிவே தெரியும்?" என்றார்.

புலமாடன் அதையே அவரிடம் திருப்பிக் கேட்டான்.

ஆசாரிக்கு மறைக்கத் தெம்பில்லை. செம்பு எடைக்கு இவ்வளவு, கரிக்கு இவ்வளவு, தமக்கும் கூடச் சம்மட்டி அடித்தவனுக்கும் கூலி இவ்வளவு என்று, அடியைப் பற்றவைத்த அன்றைக்கே போட்டு வைத்த கணக்கு அது என்றார். அதற்கு மேலே கேட்டதெல்லாம், தரகன் வருகிறான், எப்படியும் விலையை அடித்துப் பேசுவான் என்று பயந்து கேட்டது.

அம்மை புலமாடன் பக்கம் திரும்பினாள்.

"ஆசாரியார் சொல்லிட்டாரு. நீங்க எப்பப் போட்டீங்க, அண்ணாச்சி, இந்தக் கணக்கை?"

அவன் வாயைத் திறந்தான். பொய் சொல்ல வரவில்லை. முதல் தடவை ஆசாரி பட்டறையில் கொப்பரையைக் கண்ணால் பார்த்த நிமிஷத்திலேயே அவன் மனசு எடையைப் போட்டது, கூலியைப் போட்டது, கூட்டிப் பார்த்து அறுநூற்றைம்பது என்று சொல்லிவிட்டது. தரகன் கண்ணுக்கு அதற்கு மேல் நேரம் வேண்டாம். அதன்பிறகுதான் துண்டை விரித்தான்.

"முத நாளே" என்றான்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது அவனுக்கு. உடம்பில் அத்தனை சூடு இருந்தும் முதுகுத்தண்டு சில்லிட்டுப்போயிற்று.

மலையிலிருந்து காற்று இறங்கியது. அதில் நனைந்த மண் வாசம் இருந்தது. ஒரு துளி அவன் தோளில் விழுந்தது. இன்னொன்று கொப்பரைத் தண்ணீரில் விழுந்தது. கூடத்துக்குள்ளே யாரோ இருமுவது கேட்டது.

"முத நாளே தெரியும்மா" என்றான் மறுபடியும். குரல் உடைந்துவிட்டது. அப்படியே அவள் காலை நோக்கிக் குனிந்தான்.

உலகம்மை ஒரு எட்டு பின்னால் போனாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க? தண்ணி ஆறுததுக்குள்ள உள்ள போங்க. தம்பியைத் தூக்குததுக்கு முன்னால, அவருகிட்ட சொல்லுங்க."