சிவப்பு நூல் கட்டிய டிஸ்க்

பார்வையற்ற மாணவர்களுக்கான ஒலி நூலகம் அது. ஊர்க்காரர்கள் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிந்த குரல்கள் எல்லாம் ஒரே ஒரு சர்வரில் இருந்தன. அதன் டிஸ்க் சில நாளாக டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. பொதுத் தேர்வு நெருங்கிவிட்டது. இப்போது அது நின்றால் பிள்ளைகளுக்குப் படிக்க ஒன்றும் இருக்காது.

சர்வரைப் பார்த்துக்கொள்பவள் ஜெசிந்தா. அவளிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவர் ஆவுடையப்பன். கேசட் காலத்திலிருந்து அங்கே இருப்பவர், அவளுக்கு அப்பா வயது. குருவைவிடச் சிஷ்யன் மூத்தவனா என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவருக்கு இருந்தது ஒரே கேள்வி.

“டீச்சர், என்னை எப்பத் தனியா வேலை பாக்க விடுவீங்க?”

“மொதல்ல இந்த டிஸ்க்கை அப்படியே புதுசுல நகல் எடுங்க அண்ணாச்சி.”

ஆவுடையப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை நாள் துடைக்க மட்டுமே தொட்ட பெட்டியை இன்று அவரே திறக்கப்போகிறார்.

“எது நெறஞ்சது, எது காலி?”

“தெரியும் டீச்சர். மாத்திச் சொன்னா காலியைத் தூக்கி நெறஞ்சது மேல எழுதிரும்.” பழைய டிஸ்க்கில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி அடையாளம் வைத்தார். பிறகு தொடங்கினார்.

மதியம் தாண்டியும் ஓடியது. அவர் சாப்பிடப் போகவில்லை. சதவீதம் ஏற ஏற, பிரசவ வார்டு வாசலில் நிற்பவரைப்போல நடந்தார். நூறு வந்ததும் சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டார். திரை எழுந்தது. வக்கீல் ஒருவர் இருமிக்கொண்டே வாசித்த வரலாற்றுப் பாடம், இருமல் உட்பட அப்படியே ஒலித்தது.

“முடிஞ்சிட்டு டீச்சர். புது டிஸ்க் பேசுது.”

“பேசுறது புதுசுதானா?”

அவள் சர்வரை நிறுத்தினாள். சிவப்பு நூல் கட்டிய டிஸ்க்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“இப்பப் போடுங்க.”

போட்டார். கறுப்புத் திரையில் ஒரே வரி வந்தது. தொடங்குவதற்கு டிஸ்க் இல்லை.

இவ்வளவு நேரமும் பேசியது பழையதுதான்.

“டீச்சர், அந்தப் பழசைக் கொஞ்சம் கொடுங்க.” திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பின்னால் கையை நீட்டினார். கையில் ஒன்றும் வந்து விழவில்லை. பதிலும் இல்லை. அவள் சுபாவமே அதுதான், கேட்டதற்கெல்லாம் வாய் திறக்கிறவள் இல்லை.

“நூறு வந்துச்சே, நகல்ல ஒண்ணும் குறை இருக்காதுல்லா?”

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அப்ப இது எதைத் தேடுதுன்னு பாக்கட்டா? சரி, பாக்கேன்.”

செட்டிங்கைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாக வெகுநேரம் தேடினார். எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்க வேண்டும் என்ற இடத்தில் இன்னும் பழையதின் பெயரே இருந்தது. கழற்றி எடுத்ததையேதான் சர்வர் தேடிக்கொண்டு நின்றது.

“கூறுகெட்ட பயலே, வயித்துக்குள்ள எல்லாத்தையும் வச்சுக்கிட்டு யாரைத் தேடுத?” என்று அதைத் திட்டிக்கொண்டே புதியதின் பெயரை வைத்தார்.

திரை எழுந்தது. வக்கீல் இருமினார்.

“டீச்சர், கேட்டீங்களா?” என்று துள்ளித் திரும்பினார். அறையில் யாரும் இல்லை.

எதிர் டீக்கடைக்கு ஓடினார். ஜெசிந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சிவப்பு நூல் கட்டிய டிஸ்க். டீ கிளாஸ் எப்போதோ காலியாகி, அடியில் காய்ந்துபோயிருந்தது.

“வந்துட்டு டீச்சர். புதுசை மட்டும் வச்சே வந்துட்டு.” சந்தோஷத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. அந்தக் காலி கிளாஸைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. “நான் உங்ககிட்டல்லா பேசிக்கிட்டு இருந்தேன். நீங்க எப்ப வெளிய வந்தீங்க?”

அவள் டிஸ்க்கை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“இதைக் கழட்டினேன்லா அண்ணாச்சி, அப்பவே.”