ஐந்தாம் பலகை

மாடக்கண்ணு அண்ணாச்சியின் கன்னத்தை எருமை நக்கிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் ஓடிவந்து அதன் கொம்பைப் பிடித்து இழுத்தார். அது கன்னத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த பஞ்சாயத்துத் தலைவரின் நெற்றிக்குப் போனது.

ஃப்ளெக்ஸ் பேனர் மைதானத்தின் ஒரு பக்கத்தை முழுக்க மறைத்து நின்றது. ஹாக்கிக்கு நன்கொடை தந்த அத்தனை பேரும் அதில் கைகூப்பியிருந்தார்கள். மூலையில் கொஞ்சம் இடம் மிஞ்சியதால் அங்கே ஒரு ஹாக்கி மட்டை.

"பூச்சம்மா, மாட்டைப் பிடி! தலைவர் நெத்தியைத் திங்குது."

"திங்கட்டும் மாமா. உங்க ஆட்டத்தைப் பாக்க அது ஒண்ணுதான் வருது."

பொய்யில்லை. அன்றைக்குப் பக்கத்து ஊரோடு பயிற்சி ஆட்டம். ஆட வந்தவர்களையும் எருமையையும் தவிர மைதானத்தில் ஈ காக்கை இல்லை. பூச்சம்மாளே மாட்டைத் தேடித்தான் வந்தாள்.

முள்ளிக்கரிசலில் ஒரு காலத்தில் தெருவுக்கு ஓர் அணி. இப்போதும் வீட்டுக்கு ஒரு மட்டை உண்டு. முருங்கைக்காய் பறிக்க அதைவிட வாகான சாமான் கிடையாது. மாவு மில் நடத்தும் ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தாறு வயதில் ஆட்டத்தை மறுபடி எழுப்பிவிட வேண்டும் என்று ஆசை வந்தது. ஒரு காலத்தில் மாநில அணிக்குக் கோல் காத்த பாக்கியசீலி டீச்சரைத் தேடிப் பிடித்தார். டீச்சர் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் டீச்சர் முன்னால் அவர் உட்காருவதில்லை.

மைதானத்தின் மேல் இன்னொரு கண்ணும் இருந்தது. மாடக்கண்ணு மளிகைக் கடையோடு மக்காச்சோள வியாபாரமும் பார்த்தார். காயப்போட அங்கே சிமென்ட் களம் கேட்டுக்கொண்டிருந்தார். தலைவர் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தார்: "வர்ற ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு ஊர் கூடுச்சுன்னா மைதானம். கூடலைன்னா களம்."

டீச்சர் காலில் கட்டியிருந்த பேடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் போய் நின்றார்.

"டீச்சர், கேட்டவங்க எல்லாரும் கொடுத்தாங்க. மாடக்கண்ணு அண்ணாச்சியே நாலு நாற்காலி தந்தாரு. பெறகு ஏன் ஒருத்தரும் வர மாட்டேங்காங்க?"

"அண்ணாச்சி என்ன சொன்னாரு?"

"எம் படந்தான் அங்க நிக்குதே, நான் வேற எதுக்குங்காரு."

டீச்சர் எழுந்துபோய் பேனரின் ஒரு முனையை அவிழ்த்தார்.

"ஐயோ டீச்சர்!"

"அந்த முனையை அவிழுங்கண்ணே. நாளைக்கு வாங்கினதை எல்லாம் திருப்பிக் கொடுத்துட்டு வந்துருவோம்."

ஆவுடையப்பனுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதுபோல் இருந்தது. ஆனாலும் அவிழ்த்தார்.

மறுநாள் நாற்காலிகளைக் கடை வாசலில் இறக்கினார்கள்.

"என்ன டீச்சர் இது? உபயம்னு பேரெல்லாம் எழுதியாச்சு," என்றார் மாடக்கண்ணு.

"நாற்காலி வேண்டாம் அண்ணாச்சி. கடைப் பலகை வேணும். ஞாயித்துக்கிழமை ஒரு சாயங்காலத்துக்கு இரவல்."

அந்தக் கடைக்குக் கதவு கிடையாது. எண் போட்ட பலகைகளை வரிசையாகச் சொருகித்தான் அடைப்பார். பகலில் அவை சுவரோரம் சும்மா சாய்ந்திருக்கும்.

"பலகையா? அதை வச்சு என்ன செய்வீங்க?"

"கோலுக்குள்ள பின்னால படுக்க வைக்கணும். பந்து பட்டா டம்முனு ஊருக்கே கேக்கணும். கெட்டி மரம் இந்த ஊர்ல வேற யார்கிட்ட இருக்கு?"

"பர்மாத் தேக்கு. எங்க தாத்தா போட்டது." சொன்ன பிறகுதான் மாடக்கண்ணு உஷாரானார். "நன்கொடைன்னா சொல்லுங்க, இன்னும் நாலு நாற்காலி தாரேன். இரவல்னா யோசிக்கணும்."

"யோசிங்க," என்று டீச்சர் அங்கேயே நின்றார். சாமான் வாங்க வந்தவர்களும் என்ன முடிவாகிறது என்று பார்க்க நின்றார்கள். புளி நிறுத்துக்கொண்டிருந்த தராசும் அந்தரத்தில் நின்றது.

"கடை அடைக்கிறதுக்குள்ள வந்துரணும்," என்றார் மாடக்கண்ணு. "ஒரு கீறல் விழக் கூடாது."

பிறகு தெருத் தெருவாக நடந்தார்கள். பூச்சம்மாளிடம் கயிற்றுக் கட்டில் கேட்டார்கள்.

"பந்து முள்ளுக்காட்டுக்குள்ள போகாம மறிச்சு வைக்கணும்," என்றார் ஆவுடையப்பன்.

"கயிறு அறுந்துச்சுன்னா?"

"பாத்துக்கிடுதோம்மா."

"நீங்க பாத்தது போதும் மாமா. நான் வந்து பாத்துக்கிடுதேன்."

ஆவுடையப்பன் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் அடுத்த வீட்டுக்குப் போயிருந்தார்.

தண்ணீருக்குக் குடங்கள் சேர்ந்தன. முள்ளிக்கரிசலில் பேர் வெட்டாத பாத்திரம் கிடையாது. பேர் வெட்டியும், இரவல் போன பாத்திரம் வீடு திரும்பியதாகச் சரித்திரம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை கட்டில்கள் ஒருக்களித்து நின்றன. ஒவ்வொரு கட்டிலுக்குப் பின்னாலும் அதன் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் நின்றது. குடத்துக்காரிகள் குடத்தோடு உட்கார்ந்தார்கள். நிற்க இடம் கிடைக்காமல் தலைவர் டிராக்டர் மேல் ஏறினார். ஒரு பக்கக் கோலுக்குக் கடைப் பலகை. பலகை போதாததால் மறுபக்கத்துக்கு அரசாங்கப் பள்ளிக்கூடத்தின் பெஞ்சைக் கவிழ்த்திருந்தார்கள்.

முதல் பாதியில் முள்ளிக்கரிசல் அணி பலகைப் பக்கத்தைக் காத்தது. மாடக்கண்ணு கோலுக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏலே, மறிலே! உள்ள விடாதலே! பலகைலே! பர்மாத் தேக்குலே!"

ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. அவ்வளவு சத்தத்துக்கு நடுவே எதிரணிக்காரன் குறி பார்ப்பதே கஷ்டம்.

இடைவேளை முடிந்து பக்கம் மாறியது. மாடக்கண்ணு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"டீச்சர், நம்ம பயலுக எதுக்கு எம் பலகையைப் பாத்து ஓடியாரானுக?"

"இப்போ நாம அடிக்க வேண்டிய கோல் இதுதான் அண்ணாச்சி."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கல."

மாடக்கண்ணு குனிந்து ஓரத்துப் பலகையைத் தூக்கப் போனார். ஆவுடையப்பன் பதறி ஓடிவந்தார். பலகை போனால் ஆட்டம் போச்சு, மைதானமும் போச்சு.

"அண்ணாச்சி!" என்று பூச்சம்மாள் கட்டிலுக்குப் பின்னாலிருந்து கத்தினாள். "எங் கட்டில்ல ரெண்டு கயிறு அறுந்துபோச்சு. நான் தூக்கிட்டா போறேன்?"

ஊர் சிரித்தது. மாடக்கண்ணு பலகையைக் கீழே வைத்தார். ஆட்டோ ஓட்டும் செண்பகராஜ் பந்தைத் தள்ளிக்கொண்டு தனியாக வந்துகொண்டிருந்தான். கிட்டே வந்ததும் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துத் தயங்கினான். அவனுக்குக் கடையில் பாக்கி இருந்தது.

மாடக்கண்ணுவின் உதடு இரண்டு தரம் அசைந்தது.

"அஞ்சுல அடிலே!" என்று கத்தினார். "அஞ்சாம் பலகைலே! அதுதான் வைரம் பாஞ்சது!"

டம்.

கட்டில்கள் கீழே விழுந்தன. ஆட்டம் முடியும் நேரத்தில் எதிரணி திருப்பி ஒன்று போட்டது. பந்து மெல்லத்தான் உருண்டு வந்தது. பள்ளிக்கூட பெஞ்சுக்காகக் கத்த அங்கே யாரும் இல்லை. ஒன்றுக்கு ஒன்று.

தலைவர் டிராக்டரிலிருந்து இறங்கினார். "மாடக்கண்ணு, சோளத்தை உம்ம மொட்டை மாடியில காயப்போடும்."

"அது கெடக்கட்டும்யா. அந்தக் கடைசிப் பந்தைக் கோட்டை விட்டானே, அவனை என்ன செய்யலாம்?" என்றார் மாடக்கண்ணு.

பொழுது சாயும்போது ஆவுடையப்பனும் டீச்சரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பலகைகளைக் கடைக்குச் சுமந்து போனார்கள். அண்ணாச்சி முன்னால் நடந்தார்.

"டீச்சர்," என்று ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி புதுசாவே பலகை செஞ்சு மைதானத்துக்குச் சொந்தமாத் தந்துருதேங்காரு. வாங்கிக்கிடவா?"

"வேண்டாம். அடுத்த வாரமும் இதையே இரவல் கேளுங்க."

"தர மாட்டேன்னுட்டா?"

"முனங்கிக்கிட்டே தருவாரு. முனங்காம தந்தாருன்னா மட்டும் எங்கிட்ட வந்து சொல்லுங்க."

கடை வாசலில் மாடக்கண்ணு ஒவ்வொரு பலகையாக வாங்கித் துண்டால் துடைத்துச் சொருகினார். நாலு முடிந்தது. ஐந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பந்து பட்ட பள்ளம் தெருவைப் பார்க்கும்படி திருப்பிச் சொருகிவிட்டு, ஆறாம் பலகைக்குக் கை நீட்டினார்.